வெள்ளைச் சீவல்

எங்கள் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் கிரீம் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிடப் பத்து வயது மூத்த வாசல் காவலாளியும் அக்கா என்பார், மேலாளரும் அக்கா என்பார். இருபத்திரண்டு வருடம் ஒரே தொட்டியின் முன்னால் நின்றவர். நான் அங்கே பரிசோதனை அறையில் இருந்தேன். அவர் தொட்டியிலிருந்து இறங்கும் கிரீமை டப்பாவில் வாங்கி, கெட்டியாக இருக்கிறதா, பிரிகிறதா, கிருமி வளர்கிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. ஒன்பது வருடம் தினமும் அவர் முகத்தில் விழித்திருக்கிறேன். அதனால் மட்டும் இதை எழுத உட்காரவில்லை. நடந்ததில் என் கையும் கொஞ்சம் இருக்கிறது.

கிரீம் என்பது பெரும்பாலும் தண்ணீரும் எண்ணெயும்தான். இரண்டையும் என்ன ஆட்டு ஆட்டினாலும் கொஞ்ச நேரத்தில் அது அது தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். போகாமல் பிடித்து வைக்க மெழுகு போல ஒரு சரக்கு வேண்டும். எங்களுக்கு அது இருபத்தைந்து கிலோ மூட்டைகளில் வரும். மூட்டையின் மேல் நீல மையில் செட்டோஸ்டியரில் ஆல்கஹால் என்று அச்சடித்திருக்கும். அவ்வளவு நீளப் பெயரைச் சொல்லி முடிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. வெள்ளை வெளேரென்று தேங்காயைச் சீவிப் போட்டது மாதிரி இருக்கும் என்பதால் அதன் பெயர் சீவல். "சீவல் தீர்ந்துபோச்சு, ரெண்டு மூட்டை ஏத்து" என்றால் கிடங்கில் புரிந்துவிடும்.

அக்கா மூட்டையைப் பிரித்து, எண்ணெய்த் தொட்டியில் கொட்டி, எழுபத்தைந்து டிகிரிக்குச் சூடேற்றுவார். கூடவே சோப்பு வகைத் தூள் ஒன்று கொஞ்சம் போகும். பக்கத்துத் தொட்டியில் தண்ணீரும் அதே சூட்டில் காத்திருக்கும். இரண்டையும் ஒன்றாக விட்டு அடிப்பானை ஓட்டினால், முதலில் மோர் மாதிரி நீர்த்துக் கிடந்தது சூடு தணியத் தணியக் கெட்டிப்படும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு மீட்டர் இருந்தது. அக்கா அதைப் பார்த்ததில்லை. "மோட்டார் முனகுற சத்தம் மாறும் பாரு, அப்ப பிடிச்சிருச்சுன்னு அர்த்தம்" என்பார். அவர் நிறுத்திய பிறகு நான் போய் மீட்டரைப் பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும்.

அவர் கணவர் சலூன்காரர். தெருமுனையில் இரண்டு நாற்காலி போட்ட கடை. முப்பது வருடமாக ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் நின்றபடியே முடி வெட்டியவர். தமாஷாகப் பேசுவார். ஆல்கஹால் என்ற பெயரை என்றைக்கோ அக்கா வீட்டில் சொல்லிவிட, அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "என் வீட்டுக்காரம்மா சாராயம் காய்ச்சுற கம்பெனில இருக்கா, முகத்துல பூசுற சாராயம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது அந்த ஆல்கஹால் இல்லை, தாவர எண்ணெயிலிருந்து எடுக்கிற மெழுகு, மூக்கில் வைத்தால் வாசனைகூட வராது என்று நானே ஒருமுறை அவரிடம் விளக்கினேன். "அப்ப குடிச்சாலும் ஏறாது. எதுக்கு அந்தப் பேரு?" என்றார்.

நின்று நின்று அவருடைய இரண்டு கால்களிலும் நரம்புகள் முறுக்கிய கயிறு மாதிரி புடைத்திருந்தன. கணுக்காலுக்கு மேலே தோல் கருத்து, இறுகி, பளபளத்துக் கிடந்தது. ஒருநாள் சலூன் நாற்காலியின் கால்மிதிக் கம்பி இடது கணுக்காலின் உட்பக்கத்தில் கீறிவிட்டது. நகம் அகலத்துக்கு ஒரு கீறல். அதை அவர் துணியால் துடைத்துவிட்டு அடுத்த ஆளை உட்காரச் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாகியும் அது ஆறவில்லை. ஓரத்தில் தோல் காய்ந்து வெடித்தது.

அக்கா என்னிடம் வந்தது அப்போதுதான். ஒவ்வொரு கலவையிலும் பத்து டப்பா சோதனைக்கு எடுப்போம். இரண்டைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துவோம். மிச்சத்தை வேலை முடிந்ததும் கொட்டிவிட வேண்டும் என்பது சட்டம், எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம்.

"அந்தப் பாதவெடிப்புக் கிரீம்ல மூணு டப்பா எனக்கு எடுத்து வைம்மா. வாசனை போடாததுதானே அது?"

"வாசனையும் இல்ல, சாயமும் இல்லக்கா. யாருக்கு?"

"அவருக்குத்தான். கால் காஞ்சு வெடிக்குது. சீவல் கீவல் ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"குழந்தைக்கே தடவலாம்கா" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. எங்கள் அலமாரியில் இருந்த எல்லாத் தாளிலும் அப்படித்தான் இருந்தது. எத்தனையோ வருடமாக எத்தனையோ கோடிப் பேர் முகத்திலும் கையிலும் பூசிக்கொண்டிருக்கும் சரக்கு. ஆனால் காய்ந்த காலா, புண்ணுள்ள காலா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்கு அது ஒரு வேலையானது. காலையில் ஆறு மணிக்குச் சமையல் கட்டில் அடுப்பை அணைத்துவிட்டு, கூடத்தில் தரையில் உட்காருவார். கணவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். அக்கா அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரால் துடைத்து, புண்ணின் விளிம்பு வரை கிரீமைத் தடவிக் கட்டுப் போடுவார். பதினைந்து நிமிடம். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர்கள் இருவரும் எதிரெதிரே அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்தது அதற்கு முன் இல்லை என்று பின்னால் அக்கா என்னிடம் சொன்னார். காலையில் அக்கா ஓடுவார், மாலையில் கணவர் வர எட்டரை ஆகும். வீட்டில் பேச்சு என்பதே சாமான் வாங்கி வா, கரண்ட் பில் வந்திருக்கு என்பதோடு சரி.

முதல் மாதத்தில் புண்ணைச் சுற்றிச் சிவந்தது. பிறகு சின்னச் சின்னக் கொப்புளமாகி நீர் வடிந்தது. கிருமி என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு ட்யூப் கொடுத்தார்கள். அதைப் புண்ணில் போட்டு, சுற்றியுள்ள தோலுக்கு எங்கள் கிரீமைத் தடவினார் அக்கா. அது கேட்கவில்லை என்று மருந்துக்கடைக்காரர் இன்னொரு ட்யூப் கொடுத்தார். அரிப்பு அடங்குவதற்கென்று மூன்றாவது ஒன்று வந்தது. ஒவ்வொன்றும் இரண்டு நாள் நிம்மதி கொடுக்கும், மூன்றாம் நாள் பழையபடி. எரிச்சல் இருக்கிறதா என்று அக்கா கேட்டால், "பரவால்ல, தாங்குது" என்பார் சலூன்காரர்.

அவர்களுக்கு ஒரே மகள், கூரியர் அலுவலகத்தில் வேலை. அவள்தான் ஒருநாள் சொன்னாள்.

"அம்மா, ஒரு வாரம் எதையும் போடாம விட்டுப் பாக்கலாமே?"

"போடாம விட்டா வெடிச்சு ரத்தம் வருதுடி. உனக்கென்ன தெரியும்? இருபது வருஷமா நான் இதுலதான் கிடக்கேன்."

மகள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

இப்படியே பதினான்கு மாதம் ஓடியது. அதற்குள் சலூன்காரருக்குச் சர்க்கரையும் இருக்கிறது என்று தெரிந்தது. நகம் அகலக் கீறல் உள்ளங்கை அளவுக்கு விரிந்துவிட்டது. கடையை முதலில் மதியத்தோடு மூடினார், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்தார். ஒரு மழைக்காலையில் குளிர் ஜுரம் வந்து, கால் முழங்கால் வரை வீங்கி, அக்காவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே தோல் மருத்துவர் ஒரு பெண். கரகரத்த குரல், சுருக்கமான பேச்சு. கட்டைப் பிரித்துக் காலை நெடுநேரம் பார்த்தார். "இந்தச் சிவப்பு எங்க நிக்குது பாருங்க. கோடு கிழிச்ச மாதிரி. எது வரைக்கும் தடவினீங்க?" என்றார். அக்கா விரலால் காட்டினார். விரல் நின்ற இடத்தில் சிவப்பும் நின்றிருந்தது.

சலூன்காரரின் முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக முப்பது சரக்குகளை வைத்து ஒட்டினார்கள். இரண்டு நாள் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது. "முதுகுல முப்பது ஸ்டாம்பு ஒட்டிட்டாங்க, இனிமே எங்க அனுப்பப் போறாங்களோ" என்று சலூன்காரர் நர்ஸிடம் தமாஷ் பண்ணினார். இரண்டாம் நாள் பிரித்துப் பார்த்துக் குறித்தார்கள். நான்காம் நாள் மருத்துவர் மறுபடி வந்து பார்த்தார். இரண்டு வட்டங்கள் தடித்துச் சிவந்து கொப்புளித்திருந்தன. ஒன்று நிக்கல். அது பரவாயில்லை, வாட்ச், பெல்ட் கொக்கி என்று ஒதுங்கிவிடலாம் என்றார். இன்னொன்றின் பெயரைத் தாளிலிருந்து படித்தார்.

அக்கா அந்தப் பெயரை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆனால் யாரும் அதை முழுதாக வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டது அபூர்வம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மருத்துவர் சொன்னார்.

"அது நான் கொட்டுறதும்மா" என்றார் அக்கா.

"என்ன?"

"அந்த மூட்டையைப் பிரிச்சுக் கொட்டுறது நான்தான்."

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாராம். இது விஷமில்லை. கடையில் விற்கிற கிரீம்களில் பாதிக்கு மேல் இது இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் தோல் என்ற கதவு திறந்துகிடக்கும் ஆறாத புண்ணில், மாதக்கணக்கில் தடவும்போது, சிலருடைய உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். ஒருமுறை எடுத்துக்கொண்டால் பிறகு எங்கே தொட்டாலும் சண்டைதான். ஆஸ்பத்திரி ட்யூபிலும் மருந்துக்கடை ட்யூபிலும்கூட அதுதான் இருந்திருக்கிறது. அதனால்தான் எதை மாற்றியும் கேட்கவில்லை. யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

"நீங்க வேணும்னு பண்ணல. தெரிஞ்சு பண்ணல" என்றார் மருத்துவர்.

அக்கா தலையாட்டினார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

கிரீம்களை எல்லாம் நிறுத்தி, வெறும் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் போட்டார்கள். அதில் தண்ணீர் கிடையாது, ஆகவே சீவலும் தேவையில்லை. இரண்டே வாரத்தில் சிவப்பு வடிந்தது, கொப்புளம் காய்ந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று அக்கா பையைக்கூட அடுக்கிவிட்டார். அன்று எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புக்குள் சீழ் இறங்கியிருப்பது தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் திறந்துகிடந்த புண், கூடச் சர்க்கரை. அறுவை மருத்துவர் மூன்று நாள் மருந்து ஏற்றிப் பார்த்தார். நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அதற்குக் கையெழுத்துப் போட்டது அக்கா. மகள் போடுகிறேன் என்று பேனாவை வாங்கினாள். "குடு இங்க" என்று பிடுங்கிப் போட்டாராம்.

காலை எடுத்த பதினெட்டாம் நாள் அக்கா வேலைக்கு வந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஏப்ரனை மாட்டிக்கொண்டு மூட்டையைப் பிரித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்து, பாதவெடிப்புக் கிரீம் டப்பா ஒன்றை என் மேஜையில் வைத்தார்.

"இதுல பின்னாடி என்ன எழுதியிருக்கு, படி. எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியல."

நானும் வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. வெளிப்பூச்சுக்கு மட்டும். புண் அல்லது வெடித்த தோலில் தடவ வேண்டாம்.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"மொதல்லேருந்தே இருக்குக்கா."

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டார். நான் அழ ஆரம்பித்தேன். "நான்தான்கா சொன்னேன், குழந்தைக்கே தடவலாம்னு" என்றேன். அவர் டப்பாவை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீயா வந்து தடவின? போய் மூஞ்சியக் கழுவு. சாம்பிள் காத்துக்கிட்டு இருக்கு."

மறுநாள் மேலாளரிடம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாதவெடிப்புக்கு என்று விற்கிற கிரீமில் வெடித்த தோலில் தடவாதே என்று கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டால் என்ன அர்த்தம் என்று கேட்டார். முன்பக்கம், பெரிய எழுத்தில் போடச் சொன்னார். மேலாளர் கெட்டவரில்லை. அக்காவுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, முழுதும் கேட்டார்.

"அக்கா, உங்க வருத்தம் புரியுது. ஆனா நம்ம மேல தப்பு இல்ல. எழுதித்தானே இருக்கு."

"இருக்குங்க. அதான் சொல்றேன், நான் பாக்கல. நானே பாக்கலன்னா யாரு பாப்பா?"

லேபிள் வெளியூரில் மொத்தமாக அச்சாகிறது, மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். எழுதினாரா என்று தெரியாது. லேபிள் மாறவில்லை. மாறியது ஒன்றுதான். மிச்ச டப்பாக்களை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று அடுத்த வாரமே அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அதற்காகப் பேக்கிங் பெண்கள் பல நாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டில் அதைவிடக் கஷ்டம். அக்காவின் உடம்பிலும் துணியிலும் சீவல் தூள் ஒட்டியிருக்கலாம், குளித்து உடை மாற்றாமல் கணவரின் தோலைத் தொடக் கூடாது என்று தோல் மருத்துவர் சொல்லியிருந்தார். அக்கா தொழிற்சாலையில் ஒருமுறை, வீட்டுக்குப் போய் ஒருமுறை குளித்தார். நகக்கண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்தார். கை வெந்து, விரல் கணுக்கள் வெடித்து ரத்தம் கட்டின. அதற்குத் தடவ அவர் எதையும் தொடவில்லை. அப்படியே போய் நின்றால், சலூன்காரர் வெட்டிய காலின் மிச்சத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.

"பாப்பா பண்ணட்டும். நீ போய்ப் படு, களைச்சுப் போயிருப்ப" என்பார்.

மகள்தான் கட்டுப் பிரித்தாள், துடைத்தாள், செயற்கைக் காலின் வாரை மாட்டினாள். அக்கா சமையல் கட்டின் நிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். கணவர் பயப்படுகிறாரா, வெறுக்கிறாரா என்று தெரியாமல் ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்ததாக என்னிடம் சொன்னார். தமாஷ் நின்றுவிட்டது. கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டு பெயர்ப்பலகையை மாற்றினார். ஆரம்பத்தில் பழைய வாடிக்கைக்காரர்கள் நான்கைந்து பேர் வீட்டுக்கே வந்து வெட்டிக்கொண்டார்கள். செயற்கைக் காலில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை, கை நடுங்கியது. ஒருவரின் காதோரத்தைக் கீறிவிட்டார். அதற்குப் பிறகு கத்தரியை எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் கடைக்குப் போயிருந்தபோது, அக்கா நேராகக் கேட்டுவிட்டார்.

"என்மேல கோபம்னா திட்டிருங்க. இப்படி இருக்காதீங்க."

"கோபம்லாம் இல்ல."

"அப்புறம் ஏன் தொட விடமாட்டேங்குறீங்க?"

சலூன்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாராம்.

"மொத வாரத்துலயே எரிஞ்சுது. மிளகாய் வச்ச மாதிரி. நீ கால மடில வச்சுத் தடவிக்கிட்டு, அதும் இதும் பேசிக்கிட்டு இருப்ப. உன் கம்பெனிக் கத, சின்ன வயசுக் கத. எரியுதுன்னு சொன்னா நிறுத்திருவ. சொல்ல மனசு வரல. இப்ப நீ கிட்ட வந்தா அதான் ஞாபகம் வருது. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

ஆறுதல் வரும் என்று நான் எதிர்பார்த்தேன், இதைக் கேட்டபோது. அக்காவுக்கு வந்தது ஆத்திரம். அத்தனை மாதம் தன் கையைத் தானே தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தவர் அவர். "ஒரு வார்த்தைங்க. ஒரே ஒரு வார்த்தை. கேட்டேன்ல, எரியுதான்னு கேட்டேன்ல" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். எட்டு நாள் அவரிடம் பேசவில்லை. மகள் நடுவில் கிடந்து, "அப்பா சாப்பிட்டாரான்னு அம்மா கேக்குறாங்க", "சாப்பிட்டேன்னு சொல்லு" என்று தபால்காரியானாள்.

ஒன்பதாம் நாள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அக்கா அப்போதுதான் தொழிற்சாலையிலிருந்து வந்து நின்றார், வீட்டுக் குளியல் இன்னும் ஆகவில்லை. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவருடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து மேலே மாட்டிக்கொண்டு, உள்ளே போய்க் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொள்ளும் நிலையிலும் இல்லை.

நான் அந்த வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா இன்னும் அதே தொட்டியில்தான், ஓய்வுக்கு மூன்று வருடம் பாக்கி. சலூன்காரரின் வலது காலில் கருப்பு இன்னும் மேலே ஏறியிருக்கிறது. நரம்பை இறுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறை கொடுத்திருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அக்காதான் அதை மாட்டிவிடுகிறார். சலூன்காரர் மெலிந்து, பேச்சு குறைந்து, பாதி நேரம் ஜன்னலோரத்தில் இருந்தார். அக்கா காலுறையை ஏற்றும்போது மட்டும் வாய் ஓயவில்லை. இங்கே இறுக்குது, அங்கே மடிஞ்சிருக்கு, விரல் மரத்துப்போச்சு, தையல் குத்துது.

"இவர் இப்படித்தான் இப்போ. எதுக்கெடுத்தாலும் ஒரு குறை" என்று மகள் சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. காலுறையைக் கழற்றி, தையலைத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தார்.

"சொல்லுங்க. இன்னும் எங்க குத்துது?"